புள்ளிக்குப் பின்னால் என்ன விலை? மாற்றுப் பின்னொட்டு டொமைன் பெயர்களின் மறுவிற்பனை மதிப்பு

கேள்வியும் அதன் பின்னணியும்

இணைய முகவரியில் புள்ளிக்கு முன்னால் வரும் சொல்லையும் பின்னால் வரும் பின்னொட்டையும் சேர்த்தே டொமைன் பெயர் என்கிறார்கள். 1985இல் பயன்பாட்டுக்கு வந்த .காம், .நெட், .ஆர்க் முதலிய சில பின்னொட்டுகளோடு, நாட்டுக்கு இரண்டெழுத்து என்ற கணக்கில் .இன், .டிவி, .ஏஐ போன்றவையும், 2012இல் விண்ணப்பம் கோரப்பட்ட புதிய திட்டத்தின் வழியாக .கிளப், .ஆன்லைன், .எக்ஸ்ஒய்இசட் என ஆயிரத்துக்கும் மேற்பட்டவையும் சேர்ந்துகொண்டன. .காம் நீங்கலான இவை அனைத்தையும் டொமைன் வணிகத்தில் மாற்றுப் பின்னொட்டுகள் என்று ஒரே கூடையில் போடுவது வழக்கம். ஒருவர் பதிவு செய்து வைத்திருக்கும் இத்தகைய பெயரை மற்றொருவருக்கு விற்றால் நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. கேள்வி சிறியதுதான், கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தரப்பட்டுவரும் விடைகளோ ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை.

இந்தியாவில் இக்கேள்விக்கு உயிர் கொடுத்தது 1999ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு நவம்பரில், சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி முதலிய .காம் தளங்களை நடத்திவந்த இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அந்தத் தொகையில் வாசகர் திரளுக்கு எவ்வளவு, அக்காலத்துப் பங்குச் சந்தை மயக்கத்துக்கு எவ்வளவு, எளிய இந்திச் சொற்களாலான பெயர்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அன்று யாராலும் இயலவில்லை. பெயரின் மதிப்பையும் பெயரின் மேல் கட்டப்பட்ட தொழிலின் மதிப்பையும் பிரிக்க முடியாத இந்தச் சிக்கல், பின்னால் வந்த எல்லா மதிப்பீட்டு முறைகளையும் விடாமல் தொடர்ந்திருக்கிறது.

டொமைன் பெயரை மனைக்கு ஒப்பிடுவது இத்துறையில் பழகிப்போன வழக்கம். மனைக்கு அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பு உண்டு, பக்கத்து மனை விற்ற பத்திரம் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும், ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் மனை கைவிட்டுப் போவதும் இல்லை. டொமைன் பெயரில் இம்மூன்றும் தலைகீழாக இருப்பதால், அவ்வொப்புமை கேட்பதற்கு இனிமையாக இருக்கும் அளவுக்குக் கணக்குப் போட உதவுவதில்லை.

.காம் விலையின் பங்காக மதிப்பிடுதல்

மிகப் பழைய விடை இதுதான்: ஒரு சொல் .காமில் என்ன விலை போகுமோ அதில் ஒரு சிறு பங்கே மாற்றுப் பின்னொட்டில் கிடைக்கும். இரண்டாயிரங்களில் .நெட்டுக்கும் .ஆர்குக்கும் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்றெல்லாம் வாய்மொழி விகிதங்கள் வழங்கிவந்தன. மக்கள் முகவரியை நினைவிலிருந்து தட்டச்சு செய்யும்போது கை தானாக .காமுக்குப் போகிறது, ஆகவே மாற்றுப் பின்னொட்டில் தொழில் நடத்துபவர் தம் வாடிக்கையாளரில் ஒரு பகுதியை .காம் உரிமையாளரிடம் இழக்கிறார் என்பதே இந்நிலைப்பாட்டின் அடிப்படை வாதம்.

இவ்வாதத்துக்கு வலுவான சான்று அமெரிக்க இணைய அங்காடியான ஓவர்ஸ்டாக்கிடமிருந்து கிடைத்தது. கொலம்பியா நாட்டின் .கோ பின்னொட்டு 2010இல் உலகச் சந்தைக்குத் திறந்துவிடப்பட்டபோது, ‘ஓ’ என்ற ஒற்றையெழுத்துப் பெயரை அந்நிறுவனம் 3,50,000 டாலருக்கு வாங்கி, 2011இல் தன் பெயரையே அவ்வாறு மாற்றிக்கொண்டு விளம்பரத்தில் பெரும்பணம் செலவிட்டது. வாடிக்கையாளர்கள் ஓ.காம் என்று தட்டச்சு செய்துகொண்டே இருந்ததால் அதே ஆண்டு பழைய பெயருக்குத் திரும்ப நேர்ந்தது. எழுத்து குறைந்தால் விலை கூடும் என்ற விதி, பின்னொட்டு பழக்கப்படாத இடத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆயினும் பங்கு விகிதம் என்ற முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. .காமில் அச்சொல்லின் விலை என்ன என்பதே பெரும்பாலும் ஊகமாக இருப்பதால், ஊகத்தின் மேல் இன்னொரு ஊகத்தை ஏற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. மேலும், முகவரியைத் தட்டச்சு செய்யும் பழக்கம் குறைந்து தேடுபொறி, செயலி, வாட்ஸ்அப் இணைப்பு, கியூஆர் குறி ஆகியவற்றின் வழியே தளங்களை அடையும் பழக்கம் வளர்ந்துவிட்ட இன்றைய இந்தியாவில், வாடிக்கையாளர் .காமுக்குக் கசிந்துவிடுவார் என்ற வாதத்தின் எடை முன்பு போலில்லை. பெங்களூருவின் கிரெட் நிறுவனம் .கிளப் பின்னொட்டில் தளம் நடத்திக்கொண்டே பெருந்தொழிலாக வளர முடிந்ததற்கு, அதன் வாடிக்கையாளர் செயலி வழியே உள்ளே நுழைவது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

முந்தைய விற்பனைகளோடு ஒப்பிடுதல்

இரண்டாம் நிலைப்பாடு சொத்து மதிப்பீட்டிலிருந்து பெறப்பட்டது. அதே பின்னொட்டில், அதே நீளத்தில், ஒத்த பொருளுடைய சொற்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, அதை ஒட்டி விலை குறிப்பது இம்முறை. டிஎன் ஜர்னல் இதழ் வெளியிடும் விற்பனைப் பட்டியல்களும், நேம்பயோ என்ற விற்பனைத் தரவுத்தளமும் இதற்கு அடிப்படையாக அமைந்தன. 2018இல் ஹோம்.லோன்ஸ், வெகேஷன்.ரென்டல்ஸ் என்ற இரு பெயர்களும் தலா 5,00,300 டாலருக்கு விற்றதும், 2023இல் யூ.ஏஐ 7,00,000 டாலருக்குக் கைமாறியதும் இத்தகைய பட்டியல்களின் வழியாகத்தான் பரவலாகத் தெரியவந்தன.

இம்முறையின் குறை பட்டியலில் இருப்பவற்றில் இல்லை, இல்லாதவற்றில் இருக்கிறது. விற்ற பெயர்களே பதிவாகின்றன. பத்தாண்டு புதுப்பித்துப் பார்த்துவிட்டு உரிமையாளர் கைவிட்ட பெயர்களுக்குப் பட்டியல் கிடையாது. பெரிய விற்பனைகளில் ஒரு பகுதி இரகசிய ஒப்பந்தத்தால் வெளிவருவதே இல்லை. வெளிவருபவற்றிலும் வணிகர்கள் தமக்குள் விற்றுக்கொண்டவையும் தொழில் நடத்தப்போகும் இறுதிப் பயனர் வாங்கியவையும் கலந்தே கிடக்கின்றன; இவ்விரு விலைகளுக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருப்பது இயல்பு. காலமும் ஒரு குறைதான்: 2015 இறுதியில் சீன முதலீட்டாளரின் ஆர்வத்தால் குறும்பெயர்களின் விலை ஏறி 2016இல் இறங்கியபோது, ஏற்றக் காலத்து விற்பனைகளை அளவுகோலாகக் கொண்டவர்கள் சரியாக ஒப்பிட்டும் தவறான விலையையே அடைந்தார்கள்.

ஹோம்.லோன்ஸ் போன்ற விற்பனைகளுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. புள்ளிக்கு இருபுறமும் சேர்ந்து ஒரே வணிகத் தொடர் உருவாவதால், அப்பின்னொட்டில் அந்த விலைக்குரிய பெயர் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கும். அவற்றைக் காட்டி அதே பின்னொட்டின் மற்ற ஆயிரம் பெயர்களுக்கு விலை சொல்வது ஒப்பீடு ஆகாது.

வருமானத்தைக் கொண்டு மதிப்பிடுதல்

இரண்டாயிரங்களின் நடுவில் செல்வாக்கோடு இருந்து இன்று மங்கிவிட்ட மூன்றாம் நிலைப்பாடு, பெயர் ஈட்டும் விளம்பர வருமானத்தின் சில ஆண்டு மடங்கே அதன் விலை என்றது. பயன்படுத்தாத பெயரில் விளம்பரப் பக்கம் ஒன்றை நிறுத்திவைப்பதைப் பார்க்கிங் என்பார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பெயர்களைக் கொண்ட தொகுப்பை மார்செக்ஸ் நிறுவனம் 2004இல் 16.4 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது இக்கணக்கின் உச்சம். தட்டச்சு வருகையே இல்லாத மாற்றுப் பின்னொட்டுகளுக்கு இக்கணக்கு தொடக்கத்திலிருந்தே பூஜ்ஜியத்தை ஒட்டிய விடையைத் தந்தது. அந்த விடை இன்றும் பெரிதாக மாறவில்லை.

எஸ்டிபாட், கோடாடி முதலியவற்றின் தானியங்கி மதிப்பீட்டு நிரல்கள் இம்மூன்று முறைகளையும் தேடல் அளவு, சொல் நீளம், விளம்பரச் சொல்லின் விலை ஆகியவற்றோடு கலந்து ஒற்றை எண்ணைத் தருகின்றன. தரவு மிகுந்த .காமுக்கே அந்த எண் பரந்த பிழை எல்லை கொண்டது. ஆங்கிலமல்லாத சொற்களுக்கும் இந்திய ஊர்ப்பெயர்களுக்கும் விற்பனைத் தரவு அரிதாகவே இருப்பதால், அங்கே நிரல் சொல்லும் தொகையை மதிப்பீடு என்று கொள்வதற்கு அடிப்படை குறைவு.

பின்னொட்டு யார் கையில் இருக்கிறது?

மேற்கண்ட மூன்று முறைகளும் பெயரை மட்டுமே பார்க்கின்றன. நான்காம் நிலைப்பாடு பின்னொட்டை நிர்வகிக்கும் பதிவகத்தைப் பார்க்கச் சொல்கிறது. மாற்றுப் பின்னொட்டுகளைப் பொறுத்தவரை இதுவே மிகக் குறைவாக எடைபோடப்பட்ட கூறு என்று தோன்றுகிறது.

இரண்டெழுத்துப் பின்னொட்டு ஒரு நாட்டுக்கோ ஆட்சிப் பகுதிக்கோ உரியது. பசிபிக் தீவு நாடான துவாலு தன் .டிவி பின்னொட்டை 2000இல் 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் குத்தகைக்கு விட்டது. அவ்வருமானம் அந்நாடு அதே ஆண்டு ஐ.நா. உறுப்பினராவதற்கும் கைகொடுத்தது. கரீபியன் தீவான அங்குவிலாவுக்கு 2023இல் .ஏஐ வழியாகக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 3.2 கோடி டாலர். அது அரசின் மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். செயற்கை நுண்ணறிவுத் துறை பெருகியதால் அத்தீவின் நாட்டுக் குறியீடே வணிகச் சொல்லாகிவிட்டது. நாடு மறைந்தால் பின்னொட்டும் மறையலாம் என்பது இதன் மறுபக்கம். யூகோஸ்லாவியாவின் .யூ 2010இல் நீக்கப்பட்டது. மென்பொருள் நிறுவனங்கள் விரும்பிப் பதியும் .ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்ட பின், அக்குறியீட்டின் நெடுங்கால நிலை ஒரு திறந்த கேள்வியாக நிற்கிறது. நீக்கம் உறுதி என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் பத்தாண்டு வருமானத்தை எதிர்பார்த்து விலை கொடுப்பவர் இந்த ஐயத்துக்கும் ஒரு தள்ளுபடி கேட்பது நியாயமே.

2012 திட்டத்தில் 1,930 விண்ணப்பங்கள் வந்தன; விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். இவ்வகைப் பின்னொட்டுகளில் புதுப்பிப்புக் கட்டணத்துக்கு .காமுக்கு இருப்பது போன்ற உச்சவரம்பு கிடையாது. யூனிரெஜிஸ்ட்ரி என்ற பதிவகம் 2017இல் தன் பின்னொட்டுகள் சிலவற்றின் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்தியது முதலீட்டாளருக்கு முதல் பாடம். இதோடு, நல்ல சொற்களைப் பதிவகமே பிரீமியம் என்று ஒதுக்கிவைத்து, சில வேளைகளில் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டணமே வாங்குகிறது. மறுவிற்பனையில் கிடைத்திருக்கக்கூடிய இலாபம் அங்கே முன்கூட்டியே பதிவகத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடுகிறது. மலிவு விலையின் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது: ஃப்ரீநோம் நிறுவனம் இலவசமாக வழங்கிய .டிகே பெயர்கள் மோசடித் தளங்களின் புகலிடமாகிப் பின்னொட்டின் நற்பெயரே கெட்டது. 2023இல் மெட்டா தொடுத்த வழக்கை ஒட்டிப் புதிய பதிவுகளும் நின்றன.

இந்தியாவின் .இன்

.இன் பின்னொட்டு 1989இல் ஒதுக்கப்பட்டாலும், கடுமையான விதிகளால் 2004 வரை சில ஆயிரம் பெயர்களே பதிவாகியிருந்தன. 2004 அக்டோபரில் வகுக்கப்பட்ட தாராளக் கொள்கையின்படி, நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகத்தின் பொறுப்பில் 2005 தொடக்கத்தில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று 40 லட்சம் அளவிலான பெயர்களைக் கொண்ட இப்பின்னொட்டை, அறிமுகமில்லாத பின்னொட்டுகளோடு ஒரே கூடையில் போடுவது பொருந்தாது. இந்தியாவில் வாடிக்கையாளர் தேடும் தொழிலுக்கு இதன் மேல் ஐயுறவு மிகக் குறைவு.

முன்பு சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் எல்லையை ஒட்டி அமைந்து, 2022 முதல் ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீசிட்டி இதற்கு நல்ல சான்று. இசுசு, மாண்டலீஸ் போன்ற பன்னாட்டு நிறுவனங்களின் ஆலைகள் உள்ள இத்தொழில் நகரம் உலகுக்குக் காட்டும் முகவரி .இன்னில்தான் இருக்கிறது. சென்னையின் ஜோஹோ தன் அரட்டை செயலிக்கு .இன் முகவரியை வைத்துக்கொண்டு, அழைப்பு இணைப்புகளுக்கு அதே சொல்லின் ஈற்றெழுத்துகளையே பின்னொட்டாக்கி ‘அரட்ட்.ஏஐ’ என்று பயன்படுத்துகிறது. பின்னொட்டையும் சொல்லின் உறுப்பாக்கும் இத்தகைய ஒட்டுப்பெயர் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் பொருந்தும். அந்நிறுவனம் விரும்பினால் எந்த விலையும் கிடைக்கலாம், விரும்பாவிட்டால் பதிவுக் கட்டணம்கூடத் தேறாது.

.இன் சந்தையில் அண்மையில் நேர்ந்த பெரிய மாற்றம் ரிசர்வ் வங்கியால் வந்தது. இந்திய வங்கிகள் தம் தளங்களை 2025 அக்டோபர் 31க்குள் .பேங்க்.இன் என்ற காப்பு வட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்று அது உத்தரவிட்டு, பதிவுப் பொறுப்பை ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைத்தது. ‘பேங்க்’ என்ற சொல் கலந்த சாதாரண .இன் பெயர்களுக்கு நல்ல வாங்குபவர் வங்கிகளே என்று எண்ணியிருந்தோருக்கு, ஒரே சுற்றறிக்கையில் சந்தை சுருங்கிவிட்டது. இத்தகைய ஆபத்தை விற்பனைப் பட்டியல் எதுவும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

சூளூர்பேட்டை என்ற சோதனை

பெரிய நகரங்களின் பெயர்களை வைத்து மதிப்பீட்டு முறைகளைச் சோதிப்பது எளிது. முறைகளின் வரம்பு சிற்றூர்ப் பெயரில்தான் வெளிப்படுகிறது. 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாற்றப்பட்ட சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் நுழைவாயில். சென்னையிலிருந்து புறநகர் ரயில் வரும் எல்லை. பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளைக் கொண்டாடும் விழா நடக்கும் ஊர். தேடல் அளவை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இவையெல்லாம் நல்ல அறிகுறிகளாகத் தெரியும்.

உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ரோமன் எழுத்தில் இவ்வூர்ப் பெயரை ரயில்வே இடையில் ஒரு ‘யு’ சேர்த்து எழுதுகிறது. நகராட்சி அந்த ‘யு’ இல்லாமல் எழுதுகிறது. பழைய வழக்கில் ஈற்று ‘ஏ’ இல்லை. சிலர் ‘எல்’ எழுத்தை ஒற்றையாக எழுதுகிறார்கள், அப்போது கோவைக்கு அருகிலுள்ள சூலூர் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒரு வடிவத்தை வாங்கியவர் மற்ற வடிவங்களையும் வாங்கினாலொழிய வருகையாளரைத் தக்கவைக்க முடியாது, அவ்வளவு வடிவங்களையும் .காம், .இன், .கோ.இன் ஆகிய மூன்றிலும் காப்பாற்றும் செலவை இவ்வூர் விடுதியோ பள்ளியோ ஏற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ராக்கெட் ஏவும் நாளில் வரும் கூட்டத்தின் தேவையும் வேறு வாசல்களில் தீர்ந்துவிடுகிறது. 2019இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மாடத்துக்கான பதிவு விண்வெளி மையத்தின் அரசு முகவரியிலேயே நடக்கிறது. தங்குமிடம் தேடுவோர் வரைபடச் செயலியையும் முன்பதிவுச் செயலியையும் நாடுகிறார்கள். ஆக, ஊரின் புகழ் பெரிது, பெயரை விலைக்கு வாங்கக்கூடியவர் வட்டம் சிறிது. ஊரின் மதிப்பை அதன் பெயர் தாங்கிய டொமைனின் மதிப்பாகக் கொள்வதே சிற்றூர்ப் பெயர்களில் நிகழும் பொதுப் பிழை எனலாம்.

இதற்கு மாறாக, சித்தூர்ப் பகுதியின் பெயர்பெற்ற தொழிலான மாங்கூழ் ஏற்றுமதியை எடுத்துக்கொள்ளலாம். தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் இம்மாவட்டத்தில் பல உள்ளன. ஊரையும் சரக்கையும் சேர்த்து விவரிக்கும் ஒரு .இன் பெயருக்கு இவை ஒவ்வொன்றும் வாங்குபவராகலாம்; வெளிநாட்டுக் கொள்முதலாளர் அத்தொடரைத் தேடுவதற்கும் வாய்ப்புண்டு; யாருடைய வணிகக் குறியையும் அது தொடுவதில்லை. தொகை பெரிதாக இராது என்றாலும், மதிப்பீட்டுக்கு இங்கே ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

திருமலையும் சட்டமும்

திருப்பதியைச் சார்ந்த பெயர்கள் நேர்மாறான சிக்கலைக் காட்டுகின்றன. இங்கே தேவை அளவற்றது, சட்டப்படி விற்கக்கூடிய மதிப்போ மிகக் குறைவு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் காலப்போக்கில் .ஆர்க், .காம் முகவரிகளில் தன் சேவைகளை நடத்தி, 2020இல் முன்பதிவைத் திருப்பதிபாலாஜி என்ற பெயரில் ஆந்திர அரசின் .ஏபி.கவ்.இன் வட்டத்துக்குக் கொண்டுசென்றது. 2024 ஜனவரியில் அதே வட்டத்துக்குள் தேவஸ்தானம்ஸ் என்று முடியும் புதிய பெயருக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் பக்தர்கள் தடுமாற, போலித் தளங்களுக்கு இடம் கிடைத்தது. அத்தகைய ஏறத்தாழ 40 தளங்கள் மீது தேவஸ்தானம் புகார் அளித்திருப்பதாக 2023இல் செய்தி வந்தது. அரசு வட்டத்தில் தனியார் யாரும் பெயர் பதிய முடியாது என்பதால், இம்மாற்றம் பக்தருக்கு ஓர் எளிய அடையாளத்தைத் தந்ததோடு, வெளிச்சந்தையில் ஒத்த பெயர்களை வைத்திருந்தோரின் எதிர்பார்ப்பையும் முடித்துவைத்தது.

சட்ட நிலைப்பாட்டின் வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். யாஹூ பெயரை ஒட்டிய வழக்கில் 1999இல் தில்லி உயர் நீதிமன்றம் டொமைன் பெயருக்கு வணிகக் குறிக்கு நிகரான காப்பு உண்டு என்று கூறியது. முன்பு கண்ட சத்யம் இன்ஃபோவே தொடுத்த ‘சிஃபி’ வழக்கில் 2004 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அக்கருத்தையே ஏற்று, ஒத்தொலிக்கும் பெயரைப் பயன்படுத்திய தரப்புக்கு எதிரான தடையை மீட்டளித்தது. டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும் உலகளாவிய கொள்கை 1999இலும், .இன்னுக்குரிய ஐஎன்டிஆர்பி கொள்கை 2005இலும் வந்தன. இவ்விரண்டுக்கும் இடையே விலையைப் பாதிக்கும் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. உலகக் கொள்கையில், பெயர் தீய நோக்கோடு பதியப்பட்டதையும் தீய நோக்கோடு பயன்படுத்தப்படுவதையும் சேர்த்தே மெய்ப்பிக்க வேண்டும்; .இன் கொள்கையில் இரண்டில் ஒன்று போதும். நல்லெண்ணத்தோடு பதிந்த பெயரைக்கூடப் பின்னாளில் தவறாகப் பயன்படுத்தினால் இழக்க நேரலாம் என்பதால், வணிகக் குறியை ஒட்டிய .இன் பெயருக்கு .காமைவிடக் கூடுதல் தள்ளுபடி தேவைப்படும்.

குறி உரிமையாளரிடமே செலவுக்கு மிஞ்சிய விலை கேட்பதைத் தீய நோக்கின் சான்றாக இரு கொள்கைகளும் கருதுகின்றன. அதாவது, மற்றெல்லாப் பொருளிலும் மதிப்பீட்டின் தொடக்கமான ‘என்ன விலை சொல்லலாம்’ என்ற கேள்வி, இவ்வகைப் பெயர்களில் உரிமையாளருக்கே எதிரான ஆவணமாகிவிடுகிறது. திருப்பதி என்ற ஊர்ப்பெயர் தனித்து யாருக்கும் ஏகபோக உரிமையாகாது என்று வாதிட இடமுண்டு. ஆனால் திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், ஊரையும் பிரசாதத்தையும் இணைக்கும் பெயரை வைத்திருப்பவர் அந்த வாதத்தை நம்பி முதலிடுவது விவேகமாகாது.

தமிழ் எழுத்துப் பின்னொட்டுகள்

தமிழிலேயே முகவரி என்பது பழைய கனவு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ 1998இல் தொடங்கிய பன்மொழி டொமைன் முயற்சியின் தொடர்ச்சியாக, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2007இல் பதினொரு சோதனைப் பின்னொட்டுகளை நிறுவியபோது அவற்றுள் .பரிட்சை என்ற தமிழ்ப் பின்னொட்டும் இருந்தது. பிறகு .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகியவை முறையாக ஒதுக்கப்பட்டன. மூன்று நாடுகள் தமிழுக்கு இடம் கொடுத்திருப்பது பெருமைக்குரியதே. மறுவிற்பனைச் சந்தை என்று சொல்லத்தக்க ஒன்று இன்னும் உருவாகவில்லை. தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் ஏற்க மறுப்பதும், சில இடங்களில் பெயர் புரியாத குறியீட்டுக் கோவையாகக் காட்சியளிப்பதும், தமிழில் படிப்போரும் முகவரியை ரோமன் எழுத்திலேயே தட்டச்சு செய்வதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. குரல்வழித் தேடல் இப்பழக்கத்தை மாற்றும் என்று ஒரு சாரார் எதிர்பார்க்கிறார்கள். குரலில் தேடுவோருக்கு முகவரியே வேண்டியதில்லை என்று மறுசாரார் விடையளிக்கிறார்கள். இரண்டாவது விடைக்கே இன்றைய நிலை கூடுதலாக இடம் தருகிறது.

இருப்புச் செலவு என்ற எளிய கணக்கு

விவாதங்களில் அடிக்கடி விடுபட்டுப்போவது, விற்கும் வரை பெயரைக் காத்துவைக்கும் செலவு. தொகுப்பில் உள்ள பெயர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ விற்றால் அதுவே நல்ல விளைச்சல் என்பது இத்தொழிலில் பரவலான அனுபவக் கணக்கு. ஒருவர் 100 .இன் பெயர்களை ஆண்டுக்குத் தலா 800 ரூபாய் கொடுத்துப் புதுப்பிக்கிறார் என்று கொண்டால் செலவு 80,000 ரூபாய். அவற்றில் ஒன்றே விற்று, இடைத்தரகுத் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொண்டால், அந்த ஒன்று 1,00,000 ரூபாய்க்குப் போனால்தான் கைமுதல் கையைச் சேரும். .ஏஐயில் குறைந்தது ஈராண்டுக்குப் பதிய வேண்டும்; ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய் என்று கொண்டால், அதே கணக்கில் விற்கும் ஒரு பெயர் 7,50,000 ரூபாய் ஈட்டியாக வேண்டும். யூ.ஏஐ போன்ற விற்பனைகளின் பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் இந்த அடிக்கணக்கைப் பார்க்கையில், மாற்றுப் பின்னொட்டில் ‘இப்பெயரின் மதிப்பு இவ்வளவு’ என்ற வாக்கியம் முழுமையற்றது. எத்தனை ஆண்டுக்குள், எந்த வாய்ப்பு விகிதத்தில், யாருக்கு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது மதிப்பீடு ஆகும்.

இன்னும் திறந்திருப்பவை

பங்கு விகித முறை உச்சவரம்பைக் காட்டவும், ஒப்பீட்டு முறை பின்னொட்டுக்கு உயிர்ச்சந்தை இருக்கிறதா என்று அறியவும், இருப்புச் செலவுக் கணக்கு எப்போது கைவிடலாம் என்று முடிவெடுக்கவும் பயன்படும் என்ற அளவுக்கு ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பதிவகத்தின் கட்டண அதிகாரத்தையும் நாட்டின் அரசியல் நிலையையும் விலையில் எவ்வளவு கழிப்பது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வழி இன்னும் இல்லை. செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் பயனருக்காகத் தாமே தளங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், நினைவில் நிற்கும் பெயருக்கு இதுவரை இருந்த கூடுதல் விலை குறையுமா, அல்லது நம்பகத்தின் அடையாளமாக .பேங்க்.இன் போன்ற காப்பு வட்டங்கள் மட்டும் ஏற்றம் பெறுமா என்பதும் தெளிவாகவில்லை. பின்னொட்டுகளின் எண்ணிக்கையும் இத்தோடு நிற்கப்போவதில்லை. 2012க்குப் பின் ஐகான் அறிவித்த அடுத்த விண்ணப்பச் சுற்று 2026 ஏப்ரலில் தொடங்குவதாகக் குறிக்கப்பட்டது. விண்ணப்பக் கட்டணம் 2,27,000 டாலர்.